நேர்கோட்டில் நின்ற நாற்று

நெல் நடந்த பாதை – 14

ஒரு வாளி நல்ல தண்ணீரில் அன்று இட்ட கோழிமுட்டையை விட்டால் அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி, பழைய நாலணா அளவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2 கிலோ உப்பு பிடிக்கும். அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வரும். முற்றிய மணி அடியில் தங்கும். மிதந்ததை அரித்து எறிந்துவிட்டு, தங்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு முளைகட்டலாம்.

தமிழ்நாட்டில் வேளாண் அலுவலர்கள் கிராமம் கிராமமாகச் செய்துகாட்டிய பாடம் இது. நம்மில் பலருக்கும் தெரியும். இதன் நவீன வரலாறு 1882-இல், ஜப்பானின் பெருந்தீவுகளில் தென்கோடியில் உள்ள கியூஷுவில், ஃபுகுவோகா என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே வேளாண் பள்ளியில் ஆசிரியராக இருந்த யோகோய் டோகியோஷிக்கு அப்போது வயது 22. விதையின் கனத்துக்கும் நாற்றின் வீரியத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை உழவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். விதையைத் தூற்றிப் பார்த்தார்கள், தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். யோகோய் அந்த அனுபவத்துக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். உப்புக் கரைசலின் அடர்த்தி 1.13 என்று பிற்காலத்தில் நிலைபெற்ற எண், எந்த ஊர் உழவரும் ஒரே தரத்தில் விதை பிரிக்க வழிசெய்தது.

சென்ற இதழில், அதே ஃபுகுவோகா மண்ணில் வாழ்ந்த மியாசாகி யாசுசாதா 1697-இல் வெளியிட்ட ‘நோகியோ சென்ஷோ’ என்ற வேளாண் நூலைப் பற்றிப் பார்த்தோம். இந்த அத்தியாயம் அங்கிருந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் தாண்டி வருகிறது. விதையில் கைவைத்தவர்கள் நாற்றங்காலில் கைவைக்க வேண்டியதாயிற்று. நாற்றங்காலில் கைவைத்தவர்கள் நடவில் கைவைத்தார்கள். நடவு மாறியதும் களையெடுப்பு மாறியது. அந்த நாற்பது ஆண்டுக் கதை இது.

வயலைப் பார்க்காத ஆசிரியர்கள்

1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1873-இல் நிலவரிச் சட்டம் வந்தது. அதுவரை விளைந்த நெல்லில் பங்காகக் கொடுத்த வரியை இனிப் பணமாகக் கட்டவேண்டும். நிலத்தின் மதிப்பில் 3 சதவீதம். எதிர்ப்பு வலுத்ததால் 1877-இல் அது 2.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. விளைந்தாலும் பொய்த்தாலும் வரி ஒன்றுதான் என்ற நிலையில், அதே வயலில் இன்னும் கொஞ்சம் நெல் எடுக்கவேண்டிய நெருக்கடி ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் வந்து நின்றது.

புதிய அரசு முதலில் மேற்கு நாடுகளைப் பார்த்தது. டோக்கியோவின் கோமாபா பகுதியில் 1878-இல் திறக்கப்பட்ட வேளாண் பள்ளிக்குப் பிரிட்டனிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். கோதுமையும் புல்வெளியும் கால்நடையும் தெரிந்தவர்கள் அவர்கள். முழங்கால் அளவு சேற்றில் பயிர் வளர்ப்பது அவர்களுடைய பாடப்புத்தகத்தில் இல்லை. மாணவர்களுக்குச் சேற்றுப் பாடம் நடத்த ஆள் வேண்டியிருந்தது. குன்மா மாகாணத்தில் அகாகி மலையடிவாரத்து உழவர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் பெயர் ஃபுனாட்சு டெஞ்சிபெய். 1832-இல் பிறந்தவர்.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1873 தொடக்கத்தில் ஜப்பான் பழைய சந்திர நாட்காட்டியைக் கைவிட்டுச் சூரிய நாட்காட்டிக்கு மாறியது. எந்த மாதம் எதை விதைப்பது என்று பரம்பரையாக வைத்திருந்த கணக்கு ஒரே நாளில் தடுமாறிப்போனது. நம் ஊரில் ஆடிப்பட்டம் என்பதை யாராவது திடீரென்று வேறு பெயரில் வேறு மாதத்தில் சொன்னால் எப்படி இருக்கும்? ஃபுனாட்சு உட்கார்ந்து புதிய நாட்காட்டிப்படி விதைப்பு, நடவு, உரமிடும் காலங்களை ஓர் அட்டவணையாக்கி வெளியிட்டார். எழுத்து வாசனை குறைந்த உழவர்களுக்காக, தெருப்பாடகர்களின் மெட்டில் நெல் சாகுபடியைப் பாட்டாகவும் கட்டினார். 1885 முதல் அரசின் சுற்றுப்பயண ஆசிரியராக நாடு முழுக்க நடந்தார்.

அவரைப் போன்றவர்களை ஜப்பானியர் ‘ரோனோ’ என்று அழைத்தார்கள். மூத்த உழவர், அனுபவம் பழுத்த உழவர் என்று பொருள். 1881-இல் அரசு இத்தகையவர்களை நாடெங்கிலுமிருந்து டோக்கியோவுக்கு வரவழைத்து ஒரு வேளாண் கலந்துரையாடல் கூட்டியது. தத்தம் ஊரில் என்ன விதை, எப்போது நடவு, என்ன எரு என்பதை அவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள், அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் வேளாண் கொள்கை, உழவரைப் பேசவிட்டுக் கேட்டதில் தொடங்கியது என்பதை நான் இந்தத் தொடரில் அழுத்தமாகப் பதிவுசெய்ய விரும்புகிறேன். பின்னால் நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்க இது தேவைப்படும்.

அனுபவமும் சோதனையும்

மூத்த உழவர் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததா? இல்லை. ஃபுகுவோகாவைச் சேர்ந்த ஹயாஷி என்ரி என்ற முன்னாள் சாமுராய், விதைநெல்லைக் குளிர்காலம் முழுக்கக் குளிர்நீரில் ஊறவைத்தால் விளைச்சல் பெருகும் என்று 1877-இல் ஒரு நூல் எழுதினார். 1883-இல் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கி, அங்கே பழகிய இளைஞர்களை மாகாணம் மாகாணமாக அனுப்பினார். போன இடமெல்லாம் புகழ். ஆனால் கோமாபாவில் படித்து வந்த இளைஞர்கள் சோதித்துப் பார்த்தபோது குளிர்நீர் ஊறலால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் கிடைக்கவில்லை. யோகோய் அதை வெளிப்படையாக மறுத்தார்.

அதே ஹயாஷியின் ஆட்கள் கொண்டுபோன இன்னொன்று நிலைத்தது. அது குதிரை பூட்டி ஆழ உழும் ஃபுகுவோகா ஏர். மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்த பகுதிகளில் அந்த ஏர் நுழைந்ததும் மேல்மண் ஆழப்பட்டது. இட்ட எரு வேருக்கு எட்டியது. 1887-இல் சாகோ ட்சுனேஅகி என்ற வேளாண் அறிஞர் நெல் சாகுபடி குறித்து எழுதிய நூல், உழவர் அனுபவத்தில் சோதனைக்குத் தாக்குப்பிடித்தவற்றைக் கோத்துக் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆசிரியர்களுக்குப் பின் வந்த ஜெர்மானியர்களில் ஆஸ்கர் கெல்னர் என்ற வேதியியலாளர், சேற்று வயலின் உரத் தேவையை அளந்து ஆராய்ந்தார். 1893-இல் டோக்கியோவின் நிஷிகஹாராவில் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது.

விதையும் உழவர் கையிலிருந்தே வந்தது. ஹியோகோ மாகாணத்தின் மருவோ ஜூஜிரோ 1877-இல் தம் வயலில் வித்தியாசமாகத் தெரிந்த சில கதிர்களைப் பிரித்தெடுத்துப் பெருக்கிய ‘ஷின்ரிகி’, எரு போட்டால் சாயாமல் வாங்கிக்கொள்ளும் ரகம். வடக்கே யமகதாவில் அபே கமேஜி 1893-இல், குளிரில் அடிபட்டுக் கிடந்த பயிருக்கு நடுவே நிமிர்ந்து நின்ற மூன்று கதிர்களைக் கண்டார். அதிலிருந்து வந்த ‘கமேனோஓ’வின் இரத்தம், இன்று ஜப்பானில் மிகுதியாகப் பயிராகும் ‘கோஷிஹிகாரி’யிலும் ஓடுகிறது.

நாற்றங்கால் துண்டானது

கனத்த விதை கிடைத்துவிட்டது. அதை அடர்த்தியாக ஒரே பாத்தியில் கொட்டினால் நாற்று ஒன்றையொன்று நெருக்கி மெலிந்து போகும். ஆகவே விதைப்பு குறைந்தது, நாற்று தடித்தது. அடுத்து நாற்றங்காலின் வடிவம் மாறியது. பழைய நாற்றங்கால் ஒரு முழு வயல். நடுவில் முளைத்த களையையோ பூச்சியையோ எடுக்க இறங்கினால் நாற்று மிதிபடும். அதை ஏறத்தாழ 4 அடி அகலமுள்ள நீளத் துண்டுகளாகப் பிரித்து, இடையே நடைவழி விட்டார்கள். வழியில் நின்றபடி இரு பக்கமும் கை எட்டும்.

கை எட்டவேண்டிய காரணம் ஒரு புழு. நம் ஊரில் குருத்துப்பூச்சி என்கிறோமே, அதே தண்டுத் துளைப்பான்தான். இளம்பயிரில் நடுக்குருத்தைக் காயவைக்கும். கதிர் வரும்போது வெண்கதிராக்கும். நாற்றங்காலிலேயே இலையில் முட்டைக் குவியல் வைத்துவிடும். துண்டு நாற்றங்காலில் அந்த முட்டைகளை இலையோடு கிள்ளி எடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள்கூட இந்த வேலையில் இறக்கப்பட்டார்கள்.

இந்தப் பூச்சியின் வாழ்க்கையை ஊன்றிக் கவனித்தவர், ஃபுகுவோகாவின் மசுதா சோஹெய் என்ற உழவர். அறுவடைக்குப் பின் நிற்கும் தாளடியில் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று கண்டறிந்து, தாளடியைத் தோண்டி அழிக்கச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் அது மாகாண உத்தரவாக இறங்கியதும், அறுவடை முடிந்து களைத்திருந்த உழவர்கள்மீது கூலியில்லாத பெருவேலையாக விழுந்தது. 1880-இல் அப்பகுதி உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். தாளடிக் கலவரம் என்றே அது பெயர் பெற்றது. சரியான அறிவு, தவறான வழியில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு முதல் எச்சரிக்கை அது. அந்த எச்சரிக்கையை அரசு காதில் வாங்கவில்லை.

கோடு எதற்கு?

இப்போது நடவுக்கு வருவோம். பழைய நடவு வயலின் வளைவுக்கு ஏற்ப, நடுபவரின் கைப்பழக்கத்துக்கு ஏற்ப நடந்தது. குத்துக்கும் குத்துக்கும் இடைவெளி ஒருபுறம் கூடும், ஒருபுறம் குறையும். ‘சாவோதோமே’ என்று அழைக்கப்பட்ட நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நடந்தபடி, பாட்டின் தாளத்துக்குக் கை போட்டார்கள். வேகமான நடவு அது; அழகும்கூட.

துன்பம் அதற்குப் பிறகு. நட்ட பதினைந்தாம் நாளிலிருந்து கோடை முழுக்க மூன்று நான்கு தடவை களையெடுக்கவேண்டும். ஜப்பானின் கோடை புழுக்கம் மிகுந்தது. தண்ணீர் கொதிக்கும், முதுகில் வெயில், முகத்தில் நெல்தோகை. தோகையின் அரம் கண்ணைக் கிழித்துவிடுமோ என்று பயந்து பயந்து, சேற்றைக் கையால் அளைந்தபடி வயல் முழுக்கத் தவழவேண்டும். கைக்களை எடுத்த பெண்களின் முதுகு நாற்பது வயதில் எப்படி வளைந்துபோகும் என்பதைத் தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தோட்டோரி மாகாணத்து உழவர் நகாய் டாய்ச்சிரோ இந்தத் தவழலைப் பார்த்தார். முள் பதித்த உருளையை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, நீளமான கைப்பிடி வைத்தார். நின்றபடியே தள்ளினால் உருளை சுழன்று களையைப் பிடுங்கிச் சேற்றில் அமுக்கும்; கூடவே மண்ணைக் கிளறி வேருக்குக் காற்று காட்டும். 1892-இல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அவருக்கு 60 வயது கடந்திருந்தது. அவர் பெயராலேயே அது ‘டாய்ச்சி குருமா’, டாய்ச்சி வண்டி என்று வழங்கியது.

வண்டி ஓடப் பாதை வேண்டும். கண்டபடி நட்ட வயலில் அதை இறக்கினால் பயிரைத்தான் பிடுங்கும். பாதை வேண்டுமானால் நாற்று நேர்கோட்டில் நிற்கவேண்டும். நகாய் கருவியோடு வரிசை நடவையும் சேர்த்தே ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். முடிச்சுப் போட்ட கயிற்றை வரப்புக்கு வரப்பு இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு ஒரு குத்து வைத்தார்கள். சேற்றில் கட்டம் கட்டமாகத் தடம் பதிக்கும் மரச்சட்டங்கள் வந்தன; சட்டத்தை உருட்டிவிட்டு, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நாற்றை ஊன்றினார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரே அளவு வெயில், ஒரே அளவு காற்று, ஒரே அளவு எரு கிடைத்தன. ஆனால் அதெல்லாம் கூடுதல் பலன். கோடு முதன்முதலில் தேவைப்பட்டது, குனிந்து தவழ்ந்தவர் நிமிர்ந்து நடப்பதற்காக.

வாளோடு வந்த பாடம்

1897-இல் புகையான் வகைத் தத்துப்பூச்சிகள் ஜப்பான் முழுக்கப் பயிரைச் சூறையாடின. அரசு பதறியது. 1899-இல் வேளாண் சங்கச் சட்டம் வந்தது. 1903-இல் வேளாண்-வணிக அமைச்சகம் அந்தச் சங்கங்களுக்கு 14 அம்ச அறிவுறுத்தல் ஒன்றை அனுப்பியது. உப்புநீரில் விதைத் தேர்வு, துண்டு நாற்றங்கால், வரிசை நடவு எல்லாம் அதில் இடம்பெற்றன. மாகாணங்கள் அவற்றைக் கட்டாய விதிகளாக்கின. மீறினால் அபராதம், சிறைக்காவல். இடுப்பில் வாள் தொங்கும் போலீஸ்காரர் வரப்பில் நின்று நாற்றங்காலின் அகலத்தைச் சரிபார்த்தார். ‘சாபெர் நோசெய்’, வாள்முனை வேளாண்மை என்றே அந்தக் காலத்துக்குப் பெயர் நின்றுவிட்டது.

உழவர்கள் ஏன் முரண்டுபிடித்தார்கள்? அறியாமை என்று அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். கணக்கைப் பார்த்தால் வேறு தெரிகிறது. கயிறு பிடித்து நட்டால் ஆள்கூலி கூடும்; அதுவும் ஊரே ஆளுக்குப் பறக்கும் நடவு நாட்களில். களைக்கருவி வாங்கக் காசு உள்ளவனுக்கு அந்தச் செலவு கோடையில் திரும்பி வரும். கருவி வாங்க முடியாதவனுக்குக் கோடு வெறும் பாரம். இதில் இன்னொன்றும் உண்டு. 1910 வாக்கில் ஜப்பானின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் குத்தகையில் இருந்தது. நெல்வயலுக்குக் குத்தகை விளைச்சலில் பாதி அளவுக்குப் போனது, அதையும் நெல்லாகவே அளக்கவேண்டும். கூடுதல் உழைப்பு முழுதும் குத்தகையாளருடையது, கூடுதல் மூட்டையில் பாதி நிலக்காரருடையது. இந்தக் கணக்கு தெரிந்த உழவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1910-இல் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்ட ஜப்பான், அங்கே இன்னும் கடுமையாக நடந்தது. சொன்ன வடிவில் இல்லாத நாற்றங்கால்களை அதிகாரிகள் காலால் மிதித்து அழித்தார்கள். நாற்றங்காலை மிதிப்பது வளர்ந்த பயிரை மிதிப்பதைவிடக் கொடியது. ஒரு பட்டம் முழுவதையும் முளையிலேயே கிள்ளுவது அது. நட்டுத் தழைக்கவேண்டிய ஒரு நல்ல முறை, அம்மண்ணில் அடிமைத்தனத்தின் அடையாளமாக நினைவில் தங்கியது.

விளைச்சல் கூடியது உண்மை. அரசுப் புள்ளிவிவரப்படி, 1880-களின் தொடக்கத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 2 டன்னாக இருந்த அரிசி, 1910-களின் இறுதியில் 2.8 டன்னை நெருங்கியது. தொடக்க ஆண்டுகளில் வரிக்குப் பயந்து விளைச்சலைக் குறைத்துக் காட்டியிருப்பார்கள், ஆகவே உண்மை வளர்ச்சி இதைவிடக் குறைவு என்று ஜேம்ஸ் நகமுரா என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1966-இல் வாதிட்டார். மஞ்சூரியாவிலிருந்து வந்த சோயா புண்ணாக்கும் ஷின்ரிகி போன்ற ரகங்களும் இதில் பங்கு கேட்கும். எந்த மூட்டை எந்த மாற்றத்தால் வந்தது என்று பிரித்து அளக்க இயலாது. விதை, நாற்றங்கால், நடவு, களை, எரு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

கோடு நம் வயலுக்கு வந்தது

அந்த ஐந்தையும் ஒரே கட்டாக இந்தியா 1953-இல் எடுத்துக்கொண்டது. ‘ஜப்பானிய முறை நெல் சாகுபடி’ என்று நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. உப்புநீரில் விதைத் தேர்வு, மேட்டுப் பாத்தி நாற்றங்கால், குறைந்த விதை, 10 அங்குல இடைவெளியில் குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, தாராளமாக எருவும் அமோனியம் சல்பேட்டும், வரிசைக்கு இடையில் சுழல் களைக்கருவி. நம் பெரியவர்கள் சிலருக்கு ‘ஜப்பான் நடவு’ என்ற சொல் இன்னும் நினைவிருக்கும். போலீஸ் வரவில்லை, செயல்விளக்கத் திடலும் பரிசுப் போட்டியும் வந்தன. ஆனாலும் உரத் தட்டுப்பாட்டிலும் ஆள்கூலிக் கணக்கிலும் அந்த இயக்கம் தளர்ந்தது. கயிற்றைக் கொடுத்தவர்கள் எல்லா ஊருக்கும் கருவியைக் கொடுக்கவில்லை. குத்தகைக் கணக்கு இங்கேயும் அப்படியேதான் இருந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் ‘திருந்திய நெல் சாகுபடி’ என்ற பெயரில் கோடு மறுபடி வந்தது. இரும்புக் கம்பியில் செய்த மார்க்கரைச் சேற்றில் உருட்டி, 25 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒற்றை இளநாற்றை வைத்து, பத்து நாளுக்கு ஒரு முறை கோனோவீடர் தள்ளுகிறோம். அந்த மார்க்கர் ஜப்பானியர் உருட்டிய மரச்சட்டத்தின் உறவு. கோனோவீடர் டாய்ச்சி வண்டியின் பேத்தி.

ஆகவே இன்று வயலுக்கு மார்க்கரோடு போகும் ஒவ்வோர் அலுவலரும் மூன்று கேள்விகளை வரப்பிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும்: இந்த ஊரில் களைக்கருவி எத்தனை இருக்கிறது, அதை யார் தள்ளப்போகிறார்கள், கைக்களையால் கூலி பெற்றுவந்த பெண்களுக்கு என்ன வேலை? அவற்றுக்குப் பதில் வைத்திருந்த ஊர்களில் வரிசை நடவு தானாக நிலைத்தது. பதில் இல்லாத ஊர்களில் செயல்விளக்கத் திடலோடு முடிந்தது. நகாய் கருவியை முதலில் செய்தார், கோட்டைப் பிறகு கேட்டார். வாளோடு வந்தவர்கள் கோட்டை மட்டும் கேட்டார்கள்.

ஜப்பானியர் விதையின் கனத்தையும் நாற்றின் இடைவெளியையும் அளந்துவிட்டார்கள். நாற்றின் வயது? 1920-களில் தைவானில், ஜப்பானிய நெல்லை வெப்ப மண்ணில் விளைவிக்கப் போராடிய இசோ எய்கிச்சி, சுயேநாகா மெகுமு என்ற இருவர், நாற்றை இளசாகப் பறித்து நட்டபோது பயிரின் போக்கே மாறியதைக் கண்டார்கள். அந்த இளநாற்றின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)